மூளைக்காகப் பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வல்லாரை உண்டவரோடு மல்லாடாதே என்று ஒரு சொல் உண்டு. நினைவாற்றலுக்கு வல்லாரை என்பது நமக்கு அவ்வளவு ஊறிப்போன நம்பிக்கை. இப்போது அது காலையில் மிக்சியில் அடித்துக் குடிக்கும் பச்சைச் சாறாகியிருக்கிறது. கூடவே ஊறவைத்த பாதாம், முளைகட்டிய பயறு, தேங்காய், வாழைப்பழம். சிலர் அடுப்பையே பற்றவைப்பதில்லை. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்கிறது. அதற்கு என்ன கொடுக்கிறோம் என்று யோசிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த வழியில் போகிறவர்கள் சில இடங்களில் தவறாமல் சறுக்குகிறார்கள்.

முழு உணவையும் பச்சை உணவையும் ஒன்றாக நினைப்பது முதல் சறுக்கல். தவிடு, தோல், நார் எதையும் நீக்காமல் உண்பது முழு உணவு. தீ படாதது பச்சை உணவு. புழுங்கல் அரிசியைப் பாருங்கள். 1890களில் ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும் தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் தேறுவதையும் கண்டார். தவிட்டில் இருந்தது தயமின் என்னும் வைட்டமின் பி1. அது இல்லாமல் மூளையால் சர்க்கரையை ஆற்றலாக்க முடியாது. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது. நெல்லை அவிக்கும்போது இந்தத் தயமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும். இங்கே சத்தைக் காப்பாற்றியது சூடுதான்.

அடுத்தது எனக்கு மிகவும் கவலை தருவது. வல்லாரை ஈரமான இடத்தில், வாய்க்கால் ஓரத்தில், தரையோடு தரையாகப் படர்கிற கீரை. யாழ்ப்பாணத்தில் அதைச் சம்பலாகப் பச்சையாகவே உண்பார்கள். அந்த மண்ணிலோ தண்ணீரிலோ மனிதக் கழிவு கலந்திருந்தால் பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் இலையில் ஒட்டியிருக்கலாம். அவை வயிற்றுக்குள் போனால் பொரிந்து, குடலைத் துளைத்து, இரத்தத்தின் வழியே மூளையில் போய்க் கட்டியாகத் தங்கும். இந்தியாவில் வலிப்பு நோய்க்கான முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. பன்றிக்கறியைத் தொட்டே பார்க்காத சைவர்களுக்கும் வருகிறது, ஏனென்றால் இது கறியால் வருவதில்லை, முட்டையால் வருவது. மூளைக்கு நல்லது என்று உண்ட கீரையே மூளைக்குள் புழுவைக் கொண்டுபோய் விடுகிறது என்றால் அதைவிடக் கொடுமை என்ன? உப்பு நீரிலும் மஞ்சள் நீரிலும் முக்கி எடுத்தால் போதும் என்று நம்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் ஒவ்வோர் இலையாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கே விளைந்தது என்று தெரியாத கீரையைச் சமைத்துத்தான் உண்ண வேண்டும். கேரட், முள்ளங்கி போன்றவற்றைப் பச்சையாகத் தின்பதென்றால் நன்றாகக் கழுவித் தோலைச் சீவிவிடுங்கள். முளைகட்டிய பயறும் அப்படித்தான். வெதுவெதுப்பும் ஈரமும் முளைக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு கிருமிக்கும் பிடிக்கும். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் அதை ஆவியில் வேகவைத்தே சாப்பிடட்டும்.

சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்பதில் பாதிதான் உண்மை. வைட்டமின் சி குறையும். ஃபோலேட் என்னும் பி வைட்டமின் வேகவைத்த தண்ணீரோடு போகும், ஆகவே அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடலாம். ஆனால் கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் வெந்த பிறகுதான் உடலுக்கு எளிதாகக் கிடைக்கும், அதுவும் கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ கூட இருந்தால். நம் கீரைப் பொரியல் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ராஜ்மாவையும் மரவள்ளிக் கிழங்கையும் பச்சையாகத் தின்னவே கூடாது, இரண்டிலும் நஞ்சு உண்டு.

அப்புறம் பி12. நரம்புகளின் மேலுறையைக் காக்கும் இந்த வைட்டமின் கீரை, பழம், கொட்டை எதிலும் நம்பி உண்ணும் அளவுக்குக் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. கடைகளில் விற்கும் சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதால் முழுப் பச்சை உணவுக்கு மாறியவர் முதல் வருடம் நன்றாகவே இருப்பார். பிறகு பாதம் எரியும், மரத்துப்போகும், நடை தடுமாறும், பெயர்கள் மறக்கும். வயதாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். கீரையில் கிடைக்கும் ஏராளமான ஃபோலேட், பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடலாம் என்பதால் சாதாரண இரத்தப் பரிசோதனையில் இது தெரியாமலும் போகலாம். தாமதமானால் நரம்பில் வந்த பாதிப்பு முழுதாகச் சரியாகாது. பாலும் முட்டையும் விட்டவர்கள் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் குறைபாடு வரும் வாய்ப்பு இன்னும் கூடுதல், அவர்கள் பி12 அளவைத் தனியாகச் சோதித்துக்கொள்வது நல்லது.

இயற்கை உணவு என்று தொடங்கியதும் பலர் கடை உப்பை நிறுத்தி இந்துப்புக்கு மாறுகிறார்கள். இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர அயோடின் அவசியம், ஆகவே கர்ப்பிணி உள்ள வீட்டில் இந்த மாற்றம் வேண்டவே வேண்டாம்.

பழத்தைச் சாறாக்கி வடிகட்டினால் நார் போய்விடுகிறது, சர்க்கரை தங்கிவிடுகிறது. கொய்யாவையும் நெல்லிக்காயையும் கடித்தே தின்னலாம்.

பலன் எவ்வளவு என்பதிலும் நேர்மை வேண்டும். கீரை, கொட்டை, பெர்ரிப் பழம், முழுதானியம், மீன் ஆகியவற்றை முன்வைக்கும் 'மைண்ட்' உணவு முறையைச் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் அறிமுகப்படுத்தினார்கள். அப்படி உண்பவர்களுக்கு மறதி நோய் குறைவாக வருகிறது என்று, மக்கள் வழக்கமாக உண்பதைக் கவனித்துப் பார்த்த ஆய்வுகள் சொல்லின. ஆனால் 604 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த சோதனை 2023-இல் வெளியானபோது, ஒப்பிட்டுப் பார்த்த குழுவுக்கும் இந்த உணவு முறையில் இருந்தவர்களுக்கும் நினைவுத் திறனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் போதாமல் இருக்கலாம். எப்படியும் ஒரு மாதச் சாற்றில் மறதி ஓடிப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உணவை மாற்றிய உற்சாகத்தில் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்த மாத்திரையை விட்டால் பக்கவாதம் வரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புது உணவால் அழுத்தமும் சர்க்கரையும் உண்மையாகவே குறைந்திருந்தால் அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், எவ்வளவு குறைக்கலாம் என்று அவர் பார்த்துச் சொல்வார்.