சாண்ட்விச் ஊறிப்போகாமல் இருக்க: என் அனுபவம்

உருளைக்கிழங்கு சாண்ட்விச் பத்து நிமிட வேலைதான். ஆனால் டிபன் டப்பாவைத் திறந்தால் ரொட்டி ஊறிப் பிய்ந்து வந்தது. சட்னித் தண்ணீரும் மசாலாவின் ஆவியும்தான் காரணம்.

மசாலாவை முதல் நாள் இரவே கெட்டியாக வதக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். நாலு ஸ்லைஸுக்கு நடுத்தரக் கிழங்கு இரண்டு. கொத்தமல்லிச் சட்னியைத் தண்ணீர் விடாமல், ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை சேர்த்து அரைக்க வேண்டும். முதலில் வெண்ணெய், அதன் மேல்தான் சட்னி. வெண்ணெய் ஓரம் வரை போகணும். விட்ட இடத்தில் ஈரம் ஏறும். தக்காளி வைத்தால் விதையை வழித்துவிடுங்கள். உப்பு தூவவே வேண்டாம், தண்ணீர் விட்டுவிடும்.

தோசைக்கல்லில் சிறு தீ, மேலே தண்ணீர் நிரப்பிய சொம்பு, பக்கத்துக்கு இரண்டு நிமிடம். எடுத்ததும் தட்டில் போட்டால் அடிப்பக்கம் வியர்க்கும். சல்லடை மேல் ஐந்து நிமிடம் ஆறட்டும். டப்பாவை விட, வாட்டித் துடைத்த வாழையிலையில் தளர்வாக மடிப்பது நல்லது. நம் தஞ்சாவூர்ப் பக்கம் இலைக்கா பஞ்சம்!

ஐப்பசி அடைமழையில் ரொட்டி சீக்கிரமே பூசணம் பிடிக்கும். பாக்கெட்டை ஃப்ரீசரில் வைத்து, வேண்டிய ஸ்லைஸை மட்டும் எடுத்து நேராகக் கல்லில் வாட்டலாம்.