ஷாங்காயில் சைவச் சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷாங்காய்க்கு வேலைக்கோ படிப்புக்கோ போகும் சைவக்காரர்கள் பலர் போய் இறங்கிய வாரத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: இந்த ஊரில் நமக்குச் சோறு கிடையாது. அப்புறம் வாரநாட்களில் பிரெட்டும் பழமும் ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலும், ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்திய உணவகம். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறார்கள். மற்றத் தவறுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான். சீனத்துப் பௌத்தத் துறவிகள் புலால் உண்ணக்கூடாது என்று லியாங் வம்சத்துப் பேரரசர் வூ (ஆட்சி 502–549) கண்டிப்பாக வலியுறுத்தினார். அன்றிலிருந்து கோயில் சமையல் என்று தனியாக ஒன்று அங்கே வளர்ந்து வந்திருக்கிறது. ஷாங்காயின் நான்ஜிங் மேற்குச் சாலையில் உள்ள கோங்தேலின் என்ற சைவ உணவகம் 1922-இல் தொடங்கியது. நூறு ஆண்டு தாண்டிய கடை! இல்லாத ஒன்றைத் தேடி நீங்கள் அலையவில்லை, இருப்பதைத் தவறான இடத்தில் தேடுகிறீர்கள், அவ்வளவுதான்.

தவறான இடம் என்றால், தெருமுனைச் சாதாரண உணவகம். அங்கே போய் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். சீனச் சமையலில் இறைச்சி என்பது தட்டில் கிடக்கும் துண்டு மட்டுமில்லை. நாம் கடுகு, கறிவேப்பிலை தாளிப்பதுபோல அவர்கள் ஒரு பிடி கொத்துக்கறியை எண்ணெயில் பொரித்துவிட்டுத்தான் பீன்ஸைப் போடுகிறார்கள். படத்தில் வெறும் பச்சை பீன்ஸாகத் தெரியும் வறுவலுக்குள் அது ஒளிந்திருக்கும். மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக்கட்டிக் குழம்பில் மாட்டுக் கொத்துக்கறி. 'மீன் மணக் கத்தரிக்காய்' என்று ஒன்று உண்டு. அதில் மீன் கிடையாது, ஆனால் பன்றிக் கொத்துக்கறி பெரும்பாலும் இருக்கும். கீரை வதக்கலில் சிக்கன் பவுடரோ, கடல் சிப்பியில் செய்யும் ஆய்ஸ்டர் சாஸோ விழும், சில கடைகளில் மேலே சென்னாக்கூனி என்ற பொடி இறாலும் தூவுவார்கள். வெங்காயத்தாள் எண்ணெயில் புரட்டிய நூடுல்ஸ் ஷாங்காயின் பெயர்பெற்ற பண்டம். பார்க்கச் சைவம்போலவே இருக்கும், ஆனால் அந்த எண்ணெயில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் கடைகள் உண்டு. பரிமாறுபவர் ஏமாற்றுகிறார் என்று கோபப்படாதீர்கள். அவர் கணக்கில் அதெல்லாம் இறைச்சியே இல்லை.

அதனால் "இறைச்சி சாப்பிடமாட்டேன்" என்பதை விட்டுவிட்டு, "வோ ச்சர் சூ" என்று சொல்லுங்கள். நான் சைவ உணவுக்காரன் என்று பொருள். இதைக் கேட்டதும் எதிரே நிற்பவர் உங்களைக் கோயில் வழக்கப்படி சாப்பிடுபவர் என்று புரிந்துகொள்வார், பேச்சே வேறு திசையில் போகும். அதோடு, அலுவலகத்திலோ கல்லூரியிலோ ஒரு சீன நண்பரிடம் சொல்லி, தவிர்க்க வேண்டியவற்றைச் சீன எழுத்தில் எழுதி வாங்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்: பன்றிக்கொழுப்பு, எலும்பு சூப், சிக்கன் பவுடர், ஆய்ஸ்டர் சாஸ், இறால், மீன். முட்டை உண்டா இல்லையா என்பதையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். நம்மவர்கள் அதை மறந்துவிட்டுத் தக்காளி முட்டைப் பொரியலைப் பார்த்துத் திகைப்பார்கள். பால், வெண்ணெய் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், சீனச் சமையலில் அவற்றுக்கு இடம் குறைவு. உணவை வீட்டுக்கு வரவழைக்கும்போதும் ஆர்டரில் குறிப்பு எழுதும் கட்டத்தில் இதே பட்டியலை ஒட்டிவிடலாம்.

தேடும் முறையிலும் கோளாறு நடக்கிறது. கூகுள் மேப்ஸ் சீனாவுக்குள் சரியாக வேலை செய்யாது, அதில் இருக்கும் கடைத் தகவலும் பழையது. ஷாங்காய்வாசிகள் பார்ப்பது தியான்பிங் செயலி. 2003-இல் அதே ஊரில் தொடங்கியது. அதில் 'சூஷர்' (சைவ உணவு) என்பதற்கான இரண்டு சீன எழுத்துகளை ஒட்டித் தேடினால் உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள சைவ உணவகங்கள் வரிசையாக வரும். நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கடைசியாகக் கருத்து எழுதியது எப்போது என்று பாருங்கள், ஏனென்றால் அந்த ஊரில் கடைகள் மூடுவதும் இடம் மாறுவதும் சர்வ சாதாரணம். பிறகு சாப்பிட்டவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். அவற்றைக் காட்டியே ஆர்டர் செய்துவிடலாம், மொழியே தேவைப்படாது. பச்சை இலை போட்ட பெயர்ப்பலகையுடன் சாலட் கிண்ணம் விற்கும் 'இலகு உணவு' கடைகளைச் சைவம் என்று நம்பிவிட வேண்டாம். உடற்பயிற்சி செய்பவர்களுக்கான கடைகள் அவை. கோழி நெஞ்சுக்கறியும் இறாலும்தான் அங்கே முக்கியம். பன்றி இல்லை என்பதற்காக முஸ்லிம் நூடுல்ஸ் கடைகளை நாடுவதும் அப்படித்தான், அங்கே சூப்பே மாட்டெலும்பில் கொதித்தது.

என்னைக் கேட்டால், புதிதாகப் போகிறவர் முதலில் போக வேண்டியது கோயில் நூடுல்ஸ் கூடத்துக்கு. அன்யுவான் சாலையில் உள்ள ஜேட் புத்தர் கோயிலிலும், தெற்கே லுங்ஹுவா கோயிலிலும் இது உண்டு. பணம் கட்டிவிட்டு நீள மேசையில் இடம் பிடித்து உட்கார்ந்தால், பெரிய கிண்ணத்தில் ஆவி பறக்க வரும். சோயா குழம்பில் ஊறிய காளான் மேலே குவிந்திருக்கும். உள்ளே என்ன சேர்த்தார்கள் என்று விசாரிக்கவே வேண்டாம், அந்த நிம்மதி பெரிது. விலையும் கைக்கு அடக்கம். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு என்று போய் நிற்காதீர்கள், கோயில் கூடங்கள் சீக்கிரமே மூடிவிடும். சீனச் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடும் நாட்கள். நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வரும். அன்று கூட்டம் நெரியும். நம் நாட்காட்டியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சைவ உணவகத்துக்குள் நுழைந்த பிறகும் சிலர் எழுந்து வந்துவிடுகிறார்கள். பட்டியலில் கோழி, வாத்து, நண்டு என்று போட்டிருக்கும், படத்திலும் அப்படியே தெரியும். அத்தனையும் டோஃபு, காளான், கோதுமை, உருளைக்கிழங்கு. 'வாத்து' என்பது டோஃபு ஏட்டை அடுக்கடுக்காக மடித்துச் சோயாவில் வேகவைத்தது. அந்தத் தோற்றமே பிடிக்கவில்லை என்றால், அது நியாயமான காரணம்தான், காவ்ஃபூ கேளுங்கள். கோதுமை மாவைப் பிசைந்து கழுவிக் கழுவி மாவுச்சத்தை நீக்கினால் பசைபோல் ஒன்று மிஞ்சும். அதைப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைத்தால் பஞ்சுபோல் துளைதுளையாக உப்பிவரும். அதைத் துண்டாக்கிக் கறுப்புக் காளான், வேர்க்கடலை, உலர்ந்த டே லில்லி மொட்டு சேர்த்துச் சோயாவிலும் சர்க்கரையிலும் ஊறவிட்டு, ஆறவைத்துப் பரிமாறுவார்கள். கடித்தால் துளைகளிலிருந்து இனிப்பும் உப்புமாகச் சாறு வரும். ஷாங்காய் வீடுகளில் புத்தாண்டுக்குச் செய்யும் பண்டம் இது. நண்டு, மீன் வடிவங்களில் மட்டும் சில இடங்களில் முட்டை சேரும், கேட்டுக்கொள்ளுங்கள்.

வெங்காயம், பூண்டு சாப்பிடாத வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சீனக் கோயில் சமையலில் இரண்டும் விலக்கு. அந்த விலக்குப் பட்டியலில் பெருங்காயத்தையும் சேர்த்துச் சொல்வார்கள்! எல்லாச் சைவ உணவகமும் இதைப் பின்பற்றுவதில்லை, ஆனால் கோயிலை ஒட்டிய கடைகளில் நம்பிக் கேட்கலாம்.

அலுவலக விருந்தில் நடக்கும் தவறு, வட்ட மேசையில் தட்டுகள் வந்து நிறைந்த பிறகு வாயைத் திறப்பது. அழைத்தவருக்கு அது பெரிய சங்கடம். முந்தின நாளே சொல்லிவிடுங்கள், அல்லது இடத்தை நீங்களே முன்மொழியுங்கள். பெரிய விருந்தினர் என்றால் யூயுவான் சாலையில் உள்ள ஃபூ ஹே ஹுய் இருக்கிறது. உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிச்லின் கையேடு ஷாங்காய்க்கு முதன்முதலாக 2016-இல் வெளிவந்தபோதே நட்சத்திரம் பெற்ற சைவ உணவகம், விலையும் அதற்கேற்றபடிதான். மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் போட்டுச் சாப்பிடும் ஹாட்பாட் என்று முடிவானால் மாட்டுக்கொழுப்பு மிதக்கும் சிவப்புக் குழம்பைத் தவிர்த்து, தனிப் பானையில் வெறும் தண்ணீர் கேளுங்கள். பெரிய கடைகள் தயங்காமல் தரும். காளான் குழம்பு, தக்காளிக் குழம்பு என்ற பெயர்களை நம்பாதீர்கள், அடியில் எலும்பு சூப் இருக்கலாம்.

பண்டிகைப் பலகாரம் யாராவது கொடுத்தால் மறுக்கவும் வேண்டாம், உடனே பிரித்துத் தின்னவும் வேண்டாம். முன்னோர் கல்லறைக்குப் போய் வணங்கும் சிங்மிங் நாளுக்கு வரும் பச்சைக் கொழுக்கட்டையின் இனிப்புப் பூரணத்தில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். இலையுதிர்கால நிலா கேக்கிலும் அதே கொழுப்போ உப்பு முட்டைக்கருவோ இருக்கலாம். சைவ நிலா கேக் வேண்டுமென்றால் கோங்தேலினில் கிடைக்கும், பண்டிகைக்குச் சில வாரம் முன்பே போய் வாங்கிவிடுங்கள், கடைசி நாட்களில் வரிசை நீளம்.