பேக்கேஜ் பில்டு ஸ்கிரிப்ட் செத்தால் சத்தம் போட்டுச் சாகட்டும்

மூன்று நான்கு பேக்கேஜ் வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பில்டு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிவிடலாம். பத்தைத் தாண்டும்போதுதான் வலி தெரியும். சோர்ஸை இறக்குவது, செக்சம் (ஃபைல் மாறாமல் வந்ததா என்று காட்டும் கைரேகை எண்) பார்ப்பது, அவிழ்ப்பது, பேட்ச் போடுவது, கம்பைல், இன்ஸ்டால், கடைசியில் தார் என்று எல்லாவற்றிலும் அதே வரிகள், ஒன்றில் கண்டுபிடித்துத் திருத்திய பிழை மற்ற ஒன்பதிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தப் பொது வேலைகளை ஃபங்ஷன்களாக்கி ஒரே ஃபைலில் போட்டு, ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் அதை ஷெல்லின் 'சோர்ஸ்' கட்டளையால் உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். ஆர்ச் லினக்ஸின் மேக்பிகேஜி, ஜென்டூவின் இபில்டு எல்லாம் அடிப்படையில் இதே பேஷ் சமாச்சாரம்தான் (டெபியனின் டெப்ஹெல்ப்பர் பெர்லில் எழுதியது, அது வேறு குடும்பம்). கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன், டைப் அடிக்கும்போது வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் எழுத வேண்டியது 'டை'. இரண்டே வரி: கொடுத்த செய்தியை ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்பிவிட்டு 'எக்ஸிட் 1'. பில்டு பாதியில் உடைந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உடைந்ததைச் சொல்லாமல் மேலே போய், உள்ளே ஒன்றுமே இல்லாத பேக்கேஜைக் கட்டிக் கையில் கொடுப்பதுதான் ஆபத்து. ஜென்டூவில் ஒரு காலத்தில் 'இமேக்' (மேக்கை ஓட்டும் ஹெல்ப்பர்) வரியின் முடிவில் '|| டை' என்று கையால் போட வேண்டியிருந்தது, யாராவது எங்காவது மறந்துவிடுவார்கள். இபில்டு விதிகளின் பதிப்பான இஏபிஐ 4 வந்தபோது அந்த ஹெல்ப்பர்களே தோற்றால் தாமாகச் சாகும்படி மாற்றிவிட்டார்கள். நாமும் அப்படியே செய்துகொள்ளலாம்.

அதற்குத்தான் ஏதாவது கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்டை நிறுத்தும் 'செட் -இ' இருக்கிறதே என்று கேட்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நம்பி இருக்காதீர்கள். ஒரு ஃபங்ஷனை 'இஃப்' நிபந்தனையிலோ '||' குறிக்கு இடப்பக்கத்திலோ கூப்பிட்டால், அந்த ஃபங்ஷன் முழுக்க 'செட் -இ' வேலை செய்யாது. அதாவது நல்ல பிள்ளையாக 'பில்டு || டை' என்று எழுதினீர்களானால், 'பில்டு' உள்ளே கான்ஃபிகர் தோற்றாலும் ஷெல் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய் மேக் ஓட்டும், அங்கே பழைய மேக்ஃபைல் ஒன்று கிடந்து மேக் ஜெயித்துவிட்டால் மொத்தமும் ஜெயித்த கணக்கு. பாதுகாப்புக்காகப் போட்ட வரியே காவலைக் கழற்றிவிடுகிறது, இது புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அதனால் இரண்டாவது ஹெல்ப்பர் 'ரன்'. அது என்ன ஓட்டப்போகிறது என்பதை முதலில் அச்சிடும், பிறகு "$@" என்று ஓட்டும், தோற்றால் 'டை'யைக் கூப்பிடும். அவ்வளவுதான். அப்புறம் ஸ்கிரிப்டில் 'ரன் ./கான்ஃபிகர்', 'ரன் மேக் -ஜே8' என்று எழுதிக்கொண்டே போகலாம். இது 'எக்ஸிட்' செய்வதால் மேலே சொன்ன '||' தந்திரம் இதைப் பாதிக்காது. "$@" சுற்றி இரட்டை மேற்கோள் கட்டாயம், இல்லையென்றால் '-ஓ2 -ஜி' என்று ஸ்பேஸோடு வருகிற சிஃபிளாக்ஸ் மதிப்பு இரண்டாக உடைந்து வேறு எங்கோ போய் முட்டும். கான்ஃபிகருக்கான ஆப்ஷன்கள் நிறைய இருந்தால் ஒரே நீள ஸ்ட்ரிங்காக வைக்காமல் பேஷ் அர்ரேயில் வையுங்கள். அர்ரே, பைப்ஃபெயில் (பைப்பில் நடுவில் ஒன்று தோற்றாலும் தோல்வியாகவே கணக்கிடும் வசதி) எல்லாம் வேண்டுமென்பதால் முதல் வரியில் பேஷ் என்றே எழுத வேண்டும். டெபியன், உபுண்டுவில் வெறும் 'எஸ்ஹெச்' என்றால் அது டாஷ், அதற்கு அர்ரே என்றால் என்னவென்றே தெரியாது.

இன்னும் இரண்டு பொறி இருக்கிறது. 'எக்ஸிட்' சப்ஷெல்லுக்குள் ஓடினால் சப்ஷெல்தான் சாகும், ஆகவே $( ) உள்ளே 'ரன்' போட்டுவிட்டு வெளியே இருக்கிற ஸ்கிரிப்டும் நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. மற்றது 'லோக்கல் வெர்=$(கிட் டிஸ்கிரைப்)'. இங்கே கிட் தோற்றாலும் எக்ஸிட் ஸ்டேட்டஸாக வருவது 'லோக்கல்' கொடுக்கிற பூஜ்யம். வெர் காலியாக இருக்கும், பேக்கேஜ் பெயரில் கோடு மட்டும் வந்து அதற்குப் பின்னால் பதிப்பு எண் இருக்காது. 'லோக்கல் வெர்' ஒரு வரி, 'வெர்=$(...) || டை' அடுத்த வரி என்று பிரித்துவிடுங்கள். ஷெல் ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக் இதை எஸ்சி2155 என்ற எண்ணில் பிடித்துக்கொடுக்கும், ஹெல்ப்பர் ஃபைலை அதில் ஒருமுறை ஓட்டாமல் விடாதீர்கள்.

சரி, டவுன்லோடு. ஃபைல் இறக்கும் குர்லைச் சும்மா கூப்பிட்டால் சர்வர் 404 சொன்னாலும் அந்த எரர் பக்கத்தையே ஃபைலாகச் சேமித்துவிட்டு பூஜ்யத்தோடு திரும்பிவிடும். ஒருமுறை அப்படி வந்த ஹெச்டிஎம்எல் பக்கத்தை தார்பால் என்று நம்பி, தார் 'இது ஜிசிப் இல்லை' என்று கத்த, நான் அரைநாள் ஜிசிப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். '-எஃப்' (சின்ன எஃப்) கொடுத்தால் எரராகவே திரும்பும், ரீடைரெக்டுக்கு '-எல்' (பெரிய எல்) சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெல்ப்பர் '.பார்ட்' என்ற தற்காலிகப் பெயரில் இறக்கட்டும், ஷா256சம் சரியாக வந்தபிறகுதான் 'எம்வி' செய்து உண்மைப் பெயர் வைக்கட்டும். அப்போது பாதியில் அறுந்த டவுன்லோடு அடுத்த ஓட்டத்தில் முழு ஃபைல் வேஷம் போடாது, உண்மைப் பெயரில் ஃபைல் இருந்து செக்சமும் சரியென்றால் மறுபடி இறக்கவும் வேண்டாம்.

பேட்ச் பற்றி அதிகம் இல்லை. ஃபைல் பெயர்களுக்கு 01, 02 என்று எண் கொடுங்கள், ஷெல் அகர வரிசையில்தான் எடுக்கும். ஃபைல் கிடைக்காவிட்டால் பேட்ச் நம்மைக் கேள்வி கேட்டுக்கொண்டு காத்திருக்கும், யாருமில்லாத பில்டு மெஷினில் அது வம்பு, அதனால் '--ஃபோர்ஸ்' கொடுத்துவிடுங்கள். சுற்றியுள்ள வரிகள் கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் குத்துமதிப்பாக ஒட்டுகிற பழக்கமும் அதற்கு உண்டு, '-எஃப்0' (பெரிய எஃப்) போட்டால் அது நிற்கும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் இன்ஸ்டால். ப்ரிஃபிக்ஸ் என்பது பேக்கேஜ் கடைசியில் போய்க் குடியிருக்கும் இடம், அது கான்ஃபிகர் செய்யும்போதே '/யுஎஸ்ஆர்' என்று தீர்மானமாகிவிடும். டெஸ்ட்டிர் என்பது இப்போதைக்கு அடுக்கிவைக்கும் தற்காலிக அறை, அதை 'மேக் இன்ஸ்டால்' வரியில்தான் கொடுக்க வேண்டும். இரண்டையும் குழப்பி ப்ரிஃபிக்ஸிலேயே தற்காலிக டைரக்டரியைக் கொடுத்தால் அந்தப் பாதை பைனரிக்குள் பதிந்து, இன்னொரு மெஷினில் போய்த் தேடும். இன்ஸ்டால் முடிந்ததும் அறைக்குள் அந்தப் பாதையை 'கிரெப் -ஆர்' செய்து, கிடைத்தால் எச்சரிக்கிற நாலு வரியையும் ஹெல்ப்பரில் சேர்த்துவிடுங்கள். டெஸ்ட்டிரை மதிக்காத மேக்ஃபைல் வந்தால் 'இன்ஸ்டால் -டிஎம்755' என்று கையால் ஒவ்வொரு ஃபைலாக வைப்பதே வழி (க்னூவில் பெரிய டி தேவையான டைரக்டரிகளையும் உண்டாக்கும், ஃப்ரீபிஎஸ்டியில் அதே எழுத்துக்கு அர்த்தமே வேறு).

டெஸ்ட்டிர் வேரியபிள் காலியாக இருந்தால் எல்லாம் நேரே நம் சிஸ்டத்தில் இறங்கும். அதைவிட மோசம் 'ஆர்எம் -ஆர்எஃப்' வரியில் அதே காலி வேரியபிளுக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் இருப்பது. 2015-ல் பிரபலமான ஒரு விளையாட்டுச் செயலியின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் இதே தவறு இருந்து, பயனர்களின் ஃபைல்கள் அழிந்த கதை உண்டு. மருந்து சின்னதுதான்: $ குறியோடு அடைப்புக்குள் பெயரை எழுதி ':?' சேர்த்துவிட்டால், காலியாக இருக்கும்போது ஷெல் அங்கேயே நின்றுவிடும். இந்த வேலை எதையும் ரூட்டாகச் செய்யவும் வேண்டாம், ஓனரை ரூட்டாகக் காட்ட தாருக்கே '--ஓனர்=0 --குரூப்=0' என்று சொல்லிவிடலாம்.

ஒரே சோர்ஸிலிருந்து எப்போது கட்டினாலும் ஒரே ஃபைல் வர, தார் கட்டும்போதே '--சார்ட்=நேம்', '--எம்டைம்' இரண்டையும் கொடுத்து, கம்ப்ரஸ் செய்ய 'ஜிசிப் -என்' வையுங்கள், நேரத்துக்கு சோர்ஸ்_டேட்_எபோக் (பில்டுக்கு நிலையான நேரம் சொல்லும் வேரியபிள்) மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். இருமுறை பில்டு செய்து ஷா256சம் ஒன்றாக வந்தால் நல்லது, வராவிட்டால் பைனரிக்குள்ளேயே தேதி எங்காவது பதிகிறதா என்று பாருங்கள்.

வேலை டைரக்டரியை 'எம்கேடெம்ப் -டி' கொண்டு உண்டாக்கி 'ட்ராப்' மூலம் எக்ஸிட்டில் அழிப்பது எல்லோரும் செய்வது. நான் அந்த ட்ராப்பில் $? பார்த்து, பூஜ்யமாக இருந்தால் மட்டும் அழிக்கிறேன், இல்லையென்றால் டைரக்டரியின் பாதையை அச்சிட்டு விட்டுவிடுகிறேன், கான்ஃபிகர் எங்கே தோற்றது என்று சொல்லும் கான்ஃபிக்.லாக் அங்கேதான் இருக்கும்.

எல்லாம் எழுதியானதும், ஓடுகிற ஒரு ஸ்கிரிப்டை எடுத்து கான்ஃபிகர் வரிக்குப் பதிலாக 'ரன் ஃபால்ஸ்' போட்டு ஓட்டுங்கள். எக்ஸிட் கோட் 1, திரையின் முடிவில் 'டை'யின் செய்தி (என்னைப் போல ட்ராப் வைத்திருந்தால் அதன் பின்னே டைரக்டரியின் பாதை), அவுட்புட் டைரக்டரியில் ஒரு தார் கூட இல்லை என்றால் ஹெல்ப்பர் ஃபைலை மற்ற ஸ்கிரிப்டுகளுக்கும் மாட்டிவிடலாம். தார் ஒன்று கிடந்தால், 'ரன்' எங்கோ ஒரு $( ) அல்லது பைப்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.