வீட்டுக்கு முன் தோட்டத்தை வரையுங்கள்

மனை முழுக்கக் கட்டடத்தை எழுப்பிவிட்டு, மிஞ்சிய நாலடியில் புல் பதிப்பதுதான் நம் வழக்கம். வரைபடம் போடும்போதே இதைத் திருப்பிப் போடலாம்.

ஒரு மாதிரி சொல்கிறேன். 1960-களின் தொடக்கத்தில் பத்திக் (batik) துணி ஓவியக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் ஒரு வீடு கட்டினார் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. நகரத்துக்குள் சின்ன மனை. நடுவில் பெரிய முற்றம் விட்டு, அறைகளை அதைப் பார்த்தபடி அமைத்தார். திறந்த, தடுப்புக் குறைந்த நவீன வீடுதான். ஆனால் ஓட்டுக் கூரை. பின்னாளில் அந்த வீட்டையே பெயர்த்தெடுத்து, பெந்தோட்டை பக்கம் பாவாவின் லுணுகங்க தோட்டத்தில் மறுபடி கட்டிவிட்டார்கள்.

படி 1: இருக்கும் மரங்களைத் தாளில் குறியுங்கள். தண்டை மட்டுமல்ல, கிளை விரியும் வட்டத்தையும். முற்றம் எங்கே என்பது பாதி முடிவாகிவிடும்.

படி 2: வெயில். இதில் அவசரப்படாதீர்கள். சென்னையில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு பார்த்த 7 அடி உயரக் கண்ணாடிக் கதவுக்கு அப்போது முழு நிழல் வேண்டுமென்றால், கதவின் மேல்மட்டத்தில் கூரை 5 அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக நீள வேண்டும். அந்த அளவு இருந்தால் அது வெறும் சன்ஷேடு இல்லை, நாற்காலி போடும் தாழ்வாரம். மேற்குப் பக்கம் இந்தக் கணக்கு செல்லாது. மாலை வெயில் சாய்ந்து உள்ளே வரும். அங்கே பெரிய கண்ணாடி வேண்டாம், மரம் வையுங்கள்.

படி 3: அறையில் போட்ட கல்லையே தாழ்வாரத்திலும் தொடருங்கள். தூண்கள் நிற்கும் கோட்டிலேயே வெளியே மரவரிசை வரட்டும். முற்றம் மட்டும் ஓர் அரையடி தாழ இருக்கட்டும். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு கொடுங்கள். வடிகாலுக்குச் சல்லடை அவசியம். எங்கள் வீட்டில் அதை மறந்தோம். ஓர் ஐப்பசி இரவில் சருகு அடைத்து, கூடத்தில் செருப்பு மிதந்தது.

படி 4: முற்றத்துக்கு ஈழத்தலரி நல்லது. ஆல், அரசு பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், கடைக்கால் தோண்டுமுன் மனையில் சுண்ணாம்புத் தூளால் அறைகளை வரைந்து, ஜன்னல் வரும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறதா? ஜன்னலை நகர்த்துங்கள். இப்போதைக்கு ஒரு துடைப்பம் போதும்.