பழைய மடிக்கணினியில் பைதான் எழுத: லினக்ஸ் மின்டில் ஜீனி நிறுவும் முறை

இலங்கையின் வடக்கே மல்லாவியிலோ முழங்காவிலிலோ இருந்து உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்டத்தில் பைதான் என்ற நிரல் மொழி இருக்கிறது. வீட்டில் இருப்பதோ அண்ணன் பாவித்துவிட்டுத் தந்த மடிக்கணினி, இணையம் என்றால் கைபேசி டேட்டாதான். இந்த நிலையில் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற நிரல் திருத்தி வேண்டாம். அதன் நிறுவல் கோப்பே 100 மெகாபைட் அளவில் வரும்; 2 ஜிபி நினைவகத்தில் திணறும். ஜீனி சில மெகாபைட்டில் இறங்கிவிடும். 2005 முதல் வளர்ந்துவரும் இந்தத் திறந்த மூல நிரல் திருத்தி உங்கள் பாடத்துக்குத் தாராளமாகப் போதும்.

கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். பைதான் 3 அதனோடேயே வருகிறது.

முதலில் 'அப்டேட் மேனேஜர்' திறந்து 'ரிஃப்ரெஷ்' மட்டும் அழுத்துங்கள். இது மென்பொருள் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். பக்கத்தில் உள்ள 'இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இப்போது வேண்டாம். நூற்றுக்கணக்கான மெகாபைட் இறங்கி ரீலோட் காசு கரைந்துவிடும். கிளிநொச்சிப் பக்கம் வைஃபை கிடைக்கும் நாளில் அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அடுத்து 'சாஃப்ட்வேர் மேனேஜர்'. தேடற்பெட்டியில் ஜி, ஈ, ஏ, என், வை என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சு செய்தால் ஜீனி வரும். இங்கேதான் கவனம் தேவை. ஒரே மென்பொருள் இரண்டு வடிவங்களில் கிடைக்கலாம்: ஒன்று 'சிஸ்டம் பேக்கேஜ்', மற்றது 'பிளாட்பேக்'. பிளாட்பேக் தனக்கு வேண்டிய அடிப்படைக் கோப்புகளையும் சேர்த்து இறக்குவதால் அளவு பல மடங்காகிவிடும். சிஸ்டம் பேக்கேஜைத் தெரிவுசெய்து 'இன்ஸ்டால்' அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். அவ்வளவுதான்.

இணையமே இல்லாவிட்டால், அதே மின்ட் பதிப்புள்ள நண்பரின் கணினியில் 'ஜீனி', 'ஜீனி காமன்' என்ற இரண்டு பொதிகளையும் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். காமனை முதலில் இருமுறை சொடுக்கி நிறுவுங்கள், பிறகு மற்றதை.

ஜீனியைத் திறந்ததும் வெற்றுக் கோப்பைச் சேமித்துவிடுங்கள். பெயரின் முடிவில் புள்ளி, பி, வை இருக்கவேண்டும். அதைப் பார்த்துத்தான் இது பைதான் என்று ஜீனி அறிந்து சொற்களுக்கு நிறமூட்டும். ஒரு பிரிண்ட் வரி எழுதிச் சேமித்து எஃப் 5 விசையை அழுத்துங்கள். கறுப்புச் சாளரத்தில் விடை வரும். பைதானைக் காணவில்லை என்று வந்தால் 'பில்ட்' பட்டியலில் 'செட் பில்ட் கமாண்ட்ஸ்' சென்று, இயக்கும் கட்டளையில் பைதான் என்ற சொல்லை ஒட்டி 3 சேர்த்துவிடுங்கள்.

கீழே உள்ள நிலைப்பட்டையையும் பாருங்கள். அங்கே 'டேப்' என்று இருந்தால் 'டாக்குமென்ட்' பட்டியலில் 'இன்டென்ட் டைப்' சென்று 'ஸ்பேசஸ்' என மாற்றுங்கள். ஒரே நிரலில் வரித் தொடக்கத்தில் டேப்பும் இடைவெளியும் கலந்தால் கண்ணுக்கு எல்லாம் நேராகத் தெரியும், பைதானோ பிழை காட்டி நின்றுவிடும். புதியவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான்.

நிரலுக்குள் விளக்கமாக இடும் குறிப்புரைகளைத் தமிழில் எழுதுங்கள், அது நல்ல பழக்கம். ஆனால் யுனிகோடில் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திருத்தியில் வெறும் ஆங்கில எழுத்துக்குவியலே தெரியும். யுனிகோடில் எழுதியும் கறுப்புச் சாளரத்தில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் அஞ்சவேண்டாம். அந்தச் சாளரம் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டுவதில்லை. உங்கள் நிரலில் பிழை எதுவும் இல்லை.