ஊழியக் குடும்பத்துக்கு ஓய்வு: திங்கள் போய் புதன் திரும்புங்கள்

சின்னப் பிள்ளைகளோடு இலங்கை மலையகத்தில் இரண்டு இரவு தங்கி ஓய்வெடுக்க நினைக்கும் போதகர்கள், மிஷனரிகள், திங்கள் காலை கிளம்பிப் புதன் மாலை திரும்புங்கள். தங்குவதற்கு நுவரெலியாவை விடப் பண்டாரவளையைப் பாருங்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்திருக்கும், அடுத்த பிரசங்கத்துக்கும் நாள் இருக்கும். கொழும்புக் கூட்டமும் ஞாயிறு மாலையே இறங்கிவிடுவதால் அறை வாடகையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். கேட்டால்தான் குறைப்பார்கள்! நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரம், பண்டாரவளை சுமார் 1,230. அதனால் பண்டாரவளையில் குளிர் மூன்று நான்கு டிகிரி குறைவு. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம்: இரவில் நனைத்த சட்டை காலையிலும் ஈரமாகவே கொடியில் தொங்காது, ஸ்வெட்டர் மூட்டையும் பாதியாகும். அப்புறம், சபை போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். அது கூட வந்தால் ஊழியமும் கூடவே வரும்.

ஏப்ரலில் இந்தக் கணக்கு சரிவராது. புத்தாண்டு சீசனில் வார நாளும் ஒன்றுதான், வார இறுதியும் ஒன்றுதான். பாடசாலை விடுமுறையிலும், திங்களிலோ செவ்வாயிலோ போயா (பௌர்ணமி விடுமுறை) வரும் வாரத்திலும் இதே கதைதான். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள்.