கூட்டத்தில் எல்லோரையும் பேச வைப்பது எப்படி?

ஏற்காட்டுப் பக்கம் சிறு காப்பி விவசாயிகள் கூடிப் பேசும் கூட்டங்களை நடத்திக்கொடுக்கிறேன். இடம் பிடிப்பது, டீக்குச் சொல்வதெல்லாம் உங்களுக்கே தெரியும். பேச்சை நடத்துகிற வேலையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. கேள்வியை முதல் நாளே எழுதி வையுங்கள்

‘பல்பர் மெஷின் (காப்பிப் பழத்தின் தோலை உரிப்பது) வாங்கலாமா, வேண்டாமா?’ என்று ஆரம்பித்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்காமல் குவித்து வைத்தால் புளித்து, காப்பியின் தரம் கெடும். எல்லோருக்கும் பொதுவான தலைவலி அதுதான். ‘பறிச்ச அன்னைக்கே பழத்தை என்ன பண்ணலாம்?’ என்று கேளுங்கள். வாடகை மெஷின், பழமாகவே விற்பது, தோலோடு காயப்போடுவது என்று வழிகள் வரும்.

2. வட்டமாக உட்காருங்கள்

மேடையும் மைக்கும் வேண்டாம். சுவரில் சார்ட் பேப்பர், கையில் தடித்த கறுப்பு மார்க்கர் போதும். புரொஜெக்டரை நான் தொடுவதே இல்லை. அடுத்த ஸ்லைடு வந்ததும் முந்தையது மறைந்துவிடும். சுவரில் எழுதியது கடைசி வரை கண்முன் இருக்கும்.

3. முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது

இங்கேதான் பெரும்பாலான கூட்டங்கள் கவிழ்கின்றன. ஊரில் மதிப்புள்ள பெரியவர் முதலில் பேசிவிட்டால், அப்புறம் வருவதெல்லாம் “அண்ணன் சொல்றதுதான் சரி”. பழம் பறித்து, பொறுக்கி, களத்தில் காயவைக்கும் பெண்கள் கடைசி வரிசையில் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பேசாமல் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு கருத்தாகச் சுற்றி வாருங்கள். அமைதியானவர்கள் இருக்கும் மூலையிலிருந்து தொடங்குங்கள். எல்லாம் சுவருக்கு வரும்வரை விவாதம் கிடையாது. அமெரிக்காவில் டெல்பெக், வான் டி வென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1971-இல் விளக்கி எழுதிய ‘நாமினல் குரூப் டெக்னிக்’ என்ற கூட்டம் நடத்தும் முறையின் அடிப்படை இதுதான்.

ஒரு கூட்டத்தில் ஓர் அக்காவின் சீட்டில் ‘தண்ணி எங்கிருந்து வரும்?’ என்று மட்டும் இருந்தது. பல்பருக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். அதுவரை விலையை மட்டுமே யோசித்திருந்தவர்கள் கிணற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சீட்டை ‘நீர் ஆதாரம்’ என்று திருத்தாமல், அவர் எழுதியபடியே சுவரில் எழுதுங்கள். தன் வார்த்தையைச் சுவரில் பார்ப்பவர் அடுத்த முறை தயங்காமல் பேசுவார்.

4. உங்கள் கருத்தை உள்ளேயே வையுங்கள்

கேள்வி கேட்டதும் அமைதி நிலவினால் நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பேச்சு தலைப்பை விட்டுக் காட்டெருமைப் பக்கம் போனால், ‘அடுத்த கூட்டத்துக்கு’ என்று தனித்தாள் ஒட்டி அதில் எழுதுங்கள். “அண்ணே, எழுதிட்டேன், விட மாட்டோம்” என்று சொன்னால் போதும். உண்மையிலேயே அடுத்த முறை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

5. யார், எதை, எப்போதைக்குள்

இந்த மூன்றையும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுக் கலையுங்கள். சார்ட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். வாட்ஸ்அப்பிலேயே விவாதம் நடத்துவதை நான் ஏற்பதில்லை. அங்கே எழுதாதவர் சம்மதித்தாரா, கோபித்தாரா என்று தெரியாது.

பின்சேர்க்கை: எழுதத் தெரியாதவர்கள் இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டு, ஒருவர் மற்றவரின் கருத்தைச் சொல்லட்டும். வந்த வழிகளில் எதை எடுப்பது என்று தேர்வு செய்யும்போது, ஒவ்வொரு வழிக்கும் ஒரு டப்பாவில் அடையாளப் படம் ஒட்டி, பிடித்த வழியின் டப்பாவில் போட ஆளுக்கு மூன்று காப்பிக் கொட்டை கொடுங்கள். டப்பாக்களைத் திரைக்குப் பின்னால் வையுங்கள். யார் எதில் போட்டார் என்று தெரிந்தால் மறுபடியும் பெரியவர் போட்ட டப்பாதான் நிறையும்.